மருந்து மறைவதும் நீர் பாதுகாப்பாவதும்: கழிவுநீர் ஓசோனேற்றம் குறித்த ஒரு மறுபார்வை

பாராசிட்டமால் கரைந்த நீரில் குளோரின் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். மருந்து வேகமாகக் குறைந்தது. அதனிடத்தில் தோன்றியவற்றுள் இரண்டு நச்சுப் பொருள்கள் அடையாளம் காணப்பட்டன. ஒன்று பென்சோகுவினோன். மற்றது என்.ஏ.பி.கியூ.ஐ. எனச் சுருக்கிச் சொல்லப்படும் சேர்மம். பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவரின் கல்லீரலைச் சிதைப்பது இதுதான். எஞ்சிய குளோரினை அகற்ற சல்ஃபைட் சேர்த்தபோது இச்சேர்மம் ஒடுக்கமடைந்து மீண்டும் பாராசிட்டமாலாகியது. ஆக, மாதிரியை எந்தக் கட்டத்தில் எடுக்கிறோமோ அதற்கேற்ப நீக்க விழுக்காடும் மாறும்.

நீரிலுள்ள மருந்து எச்சங்களை வேதிமுறையில் அகற்றுவது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு அந்த விழுக்காட்டையே விடையாகக் காட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது போதாது என்பதே என் வாதம். குளோரினைப் போலவே, கழிவுநீரில் சேர்க்கும் ஓசோனும் அது நீரில் சிதையும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பும் மருந்து மூலக்கூறை நடைமுறை அளவுகளில் கார்பன் டை ஆக்சைடு வரை எரித்துவிடுவதில்லை. ஃபீனால் வளையம், அமீன், இரட்டைப் பிணைப்பு போன்ற எலெக்ட்ரான் செறிந்த இடங்களைத் தாக்கி, மீதியை விட்டுவிடுகின்றன. வலிப்பு நோய்க்கு உண்ணும் கார்பமசெபின் இதற்கு நல்ல சான்று. ஓசோன் பட்டதும் அதன் இரட்டைப் பிணைப்பு அறுந்து, குவினசோலின் வளையம் கொண்ட ஆல்டிஹைடுகள் உருவாகின்றன. கருவி கார்பமசெபின் இல்லை என்று காட்டும். அதன் கார்பன் சட்டகம் உருமாறி நீரில்தான் இருக்கும்.

இவ்விவாதத்துக்கு ஸ்விட்சர்லாந்தைவிடப் பொருத்தமான களம் இல்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுச் சட்டத் திருத்தம், எழுநூறுக்கும் மேற்பட்ட கழிவுநீர் நிலையங்களுள் ஏறத்தாழ நூறை 2040க்குள் மேம்படுத்தச் சொல்கிறது. டைக்ளோஃபெனாக், கார்பமசெபின் உள்ளிட்ட 12 சுட்டுப்பொருள்களைக் கொண்டு 80 விழுக்காட்டு நீக்கம் அளக்கப்படுகிறது. இந்தப் பன்னிரண்டும் நச்சின் தரவரிசை அல்ல. நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தேர்ந்தவை. 80ஐ எட்டிய நிலையத்தைப் பாதுகாப்பானது என்று பறைசாற்றுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சட்டம் வருமுன்பே ரெகன்ஸ்டோர்ஃப் நிலையத்தில் முழு அளவில் ஓசோன் சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கு ரெயின்போ டிரௌட் மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஓசோனேற்றிய நீரில் வளர்ந்த குஞ்சுகளின் வளர்ச்சி பின்தங்கியது. எடையும் நீளமும் குறைந்தன. அதே நீரை மணல் வடிகட்டி வழியே விட்டபின் அவ்விளைவு காணப்படவில்லை. ஓசோன் உண்டாக்கும் ஆல்டிஹைடு போன்ற சிறு மூலக்கூறுகள் பலவற்றை மணலில் படிந்த நுண்ணுயிர்கள் எளிதில் உண்டுவிடும். இந்த முடிவை ஓசோனுக்கு எதிரான தீர்ப்பாக நான் வாசிக்கவில்லை. வடிகட்டியைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடும் திட்டத்துக்கு எதிரான தீர்ப்பு அது. 2014இல் டூபன்டோர்ஃபின் நொய்குட் நிலையம் முழு அளவில் இயங்கத் தொடங்கியபோது ஓசோனுக்குப் பின் மணல் வடிகட்டியும் இருந்தது.

நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் உண்பதில்லை. டிரமடால், வென்லாஃபாக்சின் போன்ற மூவிணைய அமீன்கள் ஓசோனால் என்-ஆக்சைடுகளாகின்றன. இவை வடிகட்டியையும் பெரும்பாலும் கடந்துபோகின்றன. இவற்றின் மருந்தாற்றல் பொதுவாக மூலத்தைவிடக் குறைவு என்பது ஆறுதல். கருத்தடை மாத்திரையிலுள்ள எத்தினைல் எஸ்ட்ரடையோல் விஷயத்தில் ஆறுதல் இன்னும் உறுதியானது: ஃபீனால் வளையம் சிதைந்ததும் ஈஸ்ட்ரோஜன் விளைவு பெருமளவு போய்விடுகிறது. ஆண் மீன்களைப் பெண்தன்மைக்குத் தள்ளும் பொருள் அது என்பதால், இந்த லாபத்தைச் சிறிதாக எண்ணக்கூடாது.

உண்மையான ஆபத்து பலவேளை மருந்திலிருந்து வருவதே இல்லை. நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும். புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். குப்பை எரிப்பு ஆலையோ குறிப்பிட்ட வேதித்தொழிற்சாலையோ கழிவைச் சேர்க்கும் ஊர்களில் புரோமைடு கூடும். ஜெர்மனியில் வேறொரு பாடம் கிடைத்தது. டோலைல்ஃப்ளுவானிட் என்ற பூஞ்சைக்கொல்லி சிதைந்து நீரில் விட்டுச்சென்ற எச்சம், ஓசோன் பட்டதும் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய்க் காரணியாகியது. குளோரமின் சேர்த்த நீரில் ரானிடிடின் என்ற வயிற்று மருந்தும் இதே பொருளைத் தரும். இவற்றை எந்தச் சுட்டுப்பொருளும் காட்டிக்கொடுக்காது. குளோரினேற்றத்தின் வரலாறும் இதுவே: 1908இல் ஜெர்சி சிட்டியில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கினர், அதனால் டிரைஹாலோமீத்தேன்கள் என்ற தீங்கான துணைப்பொருள்கள் உண்டாவதை ரோட்டர்டாமில் வேதியியலாளர் ரூக் 1974இல்தான் வெளியிட்டார்.

ஆகவே முன்சோதனையே பாதுகாப்பின் அடிப்படை. ஸ்விட்சர்லாந்தில் ஓசோன் கலம் கட்டுமுன் அந்தந்த ஊர்க் கழிவுநீரை ஆய்வகத்தில் ஓசோனேற்றி, புரோமேட், என்.டி.எம்.ஏ. போன்ற நைட்ரோசமீன்கள், உயிரிகள் மீதான விளைவு ஆகியவற்றைப் பார்க்கும் நெறி வகுக்கப்பட்டுள்ளது. தேறாத ஊரில் கிளர்வுற்ற கரி. கரி மூலக்கூறை உடைக்காமல் பற்றிக்கொள்வதால் புதுப் பொருள் பிறப்பதில்லை. ஆனால் அதை உற்பத்தி செய்யவும், பின்னர் எரிக்கவோ மீளக் கிளர்வூட்டவோ ஆற்றல் வேண்டும்.

இந்த நெறி நீர்த்த நகரக் கழிவுநீருக்கானது. ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில், சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவைப் பெற்ற பொது நிலையத்தின் வெளியேற்ற நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததாக 2007இல் ஆய்வாளர் லார்சனின் குழுவினர் எழுதினர். ஐரோப்பிய நடைமுறையில் கரைந்த கரிமக் கார்பன் ஒரு கிராமுக்கு ஓசோன் ஏறத்தாழ அரை கிராம். கார்பன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள நீருக்கு அது இரண்டரை மில்லிகிராம்தான். பட்டன்செருவில் ஒற்றை மருந்தே அதைப்போல் பன்னிரண்டு மடங்கு எடை. மற்றக் கரிமச் சுமை தனி. அங்கே இந்த அளவு ஓசோன் சேர்த்தால் அரைகுறையாக உடைந்த எச்சங்களே பெருகும். அத்தகைய இடத்தில் மருந்து ஆலையின் வாயிலைத் தாண்டாமல் தடுப்பதுதான் முதல் வேலை. ஓசோனுக்கு இடம் அதன் பிறகே.