சருகில் ஊரும் தீ

தலைநகரில் பணிபுரியும் நம்மவர் கோடை விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், இடார்சியைக் கடந்து வண்டி மலையேறும் இரவில், சாளரத்தின் வழியே ஒரு காட்சியைக் காண்பதுண்டு. இருண்ட சத்புரா மலைச்சரிவில் செம்மணி மாலைபோல் ஒரு தீக்கோடு வளைந்து கிடக்கும். அது மரவுச்சிகளில் தாவும் பெருந்தீ அன்று. தரைச் சருகைத் தின்று ஊரும் சிறுதீ. இலுப்பைப் பூப் பொறுக்கத் தரையைத் துப்புரவாக்கியதாக இருக்கலாம்; பீடி இலை நன்கு துளிர்க்கட்டும் என்று வைத்ததாகவும் இருக்கலாம். இத்தீயைப் பற்றிய வழக்கு 150 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது.

வழக்கு தொடங்கிய இடங்களுள் ஒன்று அம்மலையே. 1864 இல் டீட்ரிச் பிராண்டிஸ் இந்தியக் காட்டுத்துறையின் முதல் தலைமை அதிகாரியானார். அவர் காலத்தில், சத்புராவின் போரிக் காட்டில் தீயை அறவே விலக்கப் பியர்சன் என்னும் படை அதிகாரி முற்பட்டார், முயற்சி பலித்தது. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் காப்புக் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கிற்று. தலைமுறைகளாக ஊர் வழக்கமாயிருந்தது குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

ஆயின், தடையை நடத்தியவர்களுக்கே ஐயம் பிறந்தது. பர்மாவில் தீத்தடுப்பு அளவு மீறிவிட்டதென்று 1896 இல் ஸ்லேடு என்ற வன அதிகாரி 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் எழுதினார். தீயில்லாத நிலத்தில் தேக்கங்கன்றுகளை மற்றச் செடிகொடிகள் அமுக்கிவிடும் என்பது அத்தரப்பாரின் வாதம். அனுபவத்துக்கு எதிர் அனுபவமாகவே பேச்சு நடந்தது, அளவுகோல் இல்லை.

அளவுகோல் அமெரிக்காவின் மிசூலா நகரத் தீ ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. விமானப் பொறியியலிலிருந்து அங்கு வந்த ரிச்சர்டு ராதர்மெல் 1972 இல் ஒரு கணக்குமுறையை வெளியிட்டார். அதன் உட்கருத்து நம் அடுப்படியிலேயே விளங்கும். எரியும் விறகு அடுத்த விறகுக்கு எவ்வளவு வெப்பம் தருகிறது? அது பற்றிக்கொள்ள எவ்வளவு வெப்பம் வேண்டும்? முன்னதைப் பின்னதால் வகுத்தால் தீயின் வேகம் கிடைக்கும். காற்றும் சரிவும் முன்னதைக் கூட்டும். ஈரம் பின்னதைக் கூட்டும். ஈரம் ஓர் எல்லையைத் தாண்டினால் தீ நகராது. அகன்ற இலைச் சருகுக்கு அவ்வெல்லையை 25 விழுக்காடு எனக் கொள்வர். காட்டைச் சதுரங்களாக வகுத்து, தீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நேரத்தைக் கணிப்பொறி கூட்டிச் சொல்லும்.

வெப்பமண்டலக் காட்டுக்கு இது போதவில்லை. அமேசானில் மார்க் காக்ரேனும் தோழர்களும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தைக் காட்டியது. முதல் தீ தாழ்ந்தும் மெல்லவும் செல்கிறது. மெல்லிய பட்டை உடைய சிறு மரங்கள் மடிய, பெருமரங்கள் பெரும்பாலும் பிழைக்கின்றன. நிழல் குறைகிறது, வெயில் இறங்குகிறது, சருகு காய்கிறது. அடுத்த தீ விரைந்து வந்து பெருமரங்களையும் விடுவதில்லை. எனவே சதுரத்தில் இன்றைய சருகை மட்டும் குறித்தால் போதாது. முன்பு எரிந்ததா என்பதையும் குறிக்க வேண்டும்.

அதற்காக அமேசானின் கணக்கை அப்படியே நம் காடுகளில் பொருத்துவதும் பிழை. இலையுதிர்க் காடுகள் பல தீயோடு பழகியவை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர், கோடை முற்றுமுன் சருகைக் கொளுத்துவர். அதன் பெயர் 'தரகு பெங்கி', அதாவது சருகுத்தீ. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, அச்சொல்லின் கறார்த்தனம் வியப்பளிக்கிறது: எது எரிகிறது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 1974 இல் அம்மலை சரணாலயமானபின் இவ்வழக்கம் தடைப்பட்டது. அதன் பிறகே உண்ணிச்செடி புதராக மண்டியதென்று சோலிகர் கூறுகின்றனர். ஆள் உயரப் புதரில் பற்றும் தீ, சருகுத்தீயின் கணக்குக்கு அடங்காது.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயிடங்களை அறிவிக்கிறது. சத்புராவின் தீக்கோடு அதில் ஒரு புள்ளி. மரநிழலின் கீழ் ஊரும் சிறுதீ சில வேளைகளில் அப்புள்ளியாகவும் ஆவதில்லை. சருகின் ஈரத்தை அறிய, இன்றும் ஒருவர் காட்டுக்குள் நடந்து, ஒரு பிடி அள்ளி, நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டியிருக்கிறது.