ஸ்டீவன் மென்டோசா: சென்னையின் எஃப்.சி.யின் முதல் நாயகன்

ஜான் ஸ்டீவன் மென்டோசா வலென்சியா (பிறப்பு: 27 ஜூன் 1992) கொலம்பியாவைச் சேர்ந்த கால்பந்து ஆட்டக்காரர். இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் முதல் இரண்டு சீசன்களான 2014, 2015 இரண்டிலும் சென்னையின் எஃப்.சி. அணியின் முன்வரிசையில் ஆடினார். 2015இல் 13 கோல்கள் அடித்து அந்த ஆண்டின் தங்கக் காலணியையும், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கூடுதல் நிமிடங்களில் அவர் அடித்த கோல்தான் சென்னைக்கு முதல் கோப்பையைத் தந்தது.

சென்னை அணிக்காக அவர் ஆடியது இரண்டே சீசன்கள். அதுவும் பின்னாளில் வந்த பல மாத சீசன் அல்ல. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும் குறுகிய தொடர். ஆனாலும் அந்த அணியின் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த ஃபார்வர்டுகளை வரிசைப்படுத்தினால் அவர் பெயர் முன்னால் வருகிறது. ஆகஸ்ட் 2014இல் தொடங்கப்பட்ட அணிக்கு அப்போது பழைய கதை என்று எதுவுமே கிடையாது. ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள ஒரு கதையை முதலில் கொடுத்தவர் அவர்.

பின்னணி

மென்டோசா பிறந்த பால்மிரா, கொலம்பியாவின் மேற்கே கரும்பு விளையும் வாயே டெல் கௌகா பகுதியில் உள்ள ஊர். 22 வயதில் சென்னைக்கு வந்தபோது உலகக் கால்பந்தில் அவர் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவருடன் சென்னை அணியில் இருந்தவர்களோ உலகமே அறிந்தவர்கள். பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்த இத்தாலியின் மார்கோ மட்டராஸ்ஸி, 2006 உலகக் கோப்பை இறுதியில் சிடானிடம் தலையால் முட்டு வாங்கியவர். பிரேசில் தேசிய அணிக்கு ஆடிய எலானோ நடுக்களத்தில் இருந்தார். பின்களத்தில் பிரான்சின் மிக்கேல் சில்வெஸ்டர். சீசனின் பின்பகுதியில் அலெஸ்ஸான்ட்ரோ நெஸ்டாவும் வந்து சேர்ந்தார்.

தமிழ்நாட்டில் கால்பந்துக்கு ஆள் இல்லாமல் இருந்ததில்லை. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப். போன்ற நிறுவன அணிகள் சென்னை லீக்கில் பல பத்தாண்டுகள் ஆடிவந்தன. இந்தியன் வங்கி தேசிய லீக்கிலும் ஆடியிருக்கிறது. ஆனால் நகரம் முழுவதும் 'நம்ம அணி' என்று சொல்லிக்கொள்ளும்படியான ஒரு தொழில்முறை அணி அமையவில்லை. அதனால் இங்கே வளர்ந்த ஃபார்வர்டுகள் வெளியே போய்த்தான் பெயர் எடுத்தார்கள். ராமன் விஜயன் 1997–98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்தது எஃப்.சி. கொச்சினுக்காக. அவரைத் தோளில் தூக்கும் வாய்ப்பு சென்னை கேலரிக்குக் கிடைக்கவில்லை. நீண்ட நாள் காத்திருந்த அந்தக் கேலரியின் முன்னால்தான் 2014 அக்டோபரில் மென்டோசா இறங்கினார்.

2014: தலைகீழாக விழுந்து அடித்த கோல்

சென்னையின் அணி தன் சொந்த மைதானமான ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் ஆடிய முதல் ஆட்டம் 2014 அக்டோபர் 21, தீபாவளிக்கு முந்தைய நாள். எதிரணி கேரளா பிளாஸ்டர்ஸ். பெனால்டியில் எலானோ முதல் கோலை அடித்தார். இடைவேளைக்குப் பிறகு கேரளாவின் இயன் ஹியூம் சமன் செய்தார். ஆட்டம் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலையில், கோலுக்கு முதுகைக் காட்டியபடி நின்ற மென்டோசா அப்படியே பின்புறமாக எம்பி, தலைக்கு மேலே பந்தை உதைத்து வலைக்குள் அனுப்பினார். நம் பக்கத்து மைதானங்களில் 'சிசர் கட்' என்று சொல்வார்களே, அது. பையன்கள் மணலில் விழுந்து விழுந்து பழகிப் பார்த்து, பெரும்பாலும் காற்றை உதைத்துவிட்டு எழும் உதை. அதை முதல் சொந்த மண் ஆட்டத்திலேயே ஒருவர் வெற்றி கோலாக மாற்றினால் கேலரி அவரை விடுமா? சென்னை 2–1 என்று வென்றது.

ஒரு வாரம் கழித்து மும்பை சிட்டியை 5–1 என்று நொறுக்கிய ஆட்டத்தில் அவர் இரண்டு கோல்கள் அடித்தார். அந்த சீசனில் மொத்தம் 4 கோல்கள். சென்னை 23 புள்ளிகளுடன் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0–3 என்று தோற்று, சென்னையில் மூன்று கோல்களையும் திருப்பி அடித்து, கடைசியில் ஸ்டீபன் பியர்சன் கூடுதல் ஆட்டநேரம் முடியப்போகும் தறுவாயில் அடித்த கோலால் வெளியேறியது. அந்த இரவின் வலி இல்லாமல் அடுத்த ஆண்டின் மகிழ்ச்சி அவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

2015 சீசன்

2015இன் தொடக்கத்தில் மென்டோசா பிரேசிலின் கொரிந்தியன்ஸ் அணிக்குப் போயிருந்தார். அங்கிருந்து கடனாக மீண்டும் சென்னைக்கு வந்தார். தென் அமெரிக்காவின் பெரிய அணி ஒன்றின் ஆட்டக்காரர் இரண்டாவது முறையும் வருகிறார் என்பதே ரசிகர்களுக்குப் பெருமையாக இருந்தது.

முதல் ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே கொல்கத்தாவிடம் 2–3 தோல்வி. அடுத்து டெல்லியிடம் 0–1. மூன்றாவது ஆட்டத்துக்கு அக்டோபர் 11 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்துக்குப் போன சென்னை 4–0 என்று வென்றது. எலானோ ஒன்று அடிக்க, மீதி மூன்றும் மென்டோசாவுடையவை. ஆனால் அந்த வேகம் நிலைக்கவில்லை. தோல்விகள் தொடர்ந்து, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையில் எட்டு அணிகள் கொண்ட பட்டியலில் சென்னை கடைசியில் கிடந்தது.

நவம்பர் 21 அன்று சென்னையில் கேரளாவுடன் ஆட்டம். தோற்றால் அநேகமாக எல்லாம் முடிந்தது. மென்டோசா இன்னொரு ஹாட்ரிக் அடித்தார். சென்னை 4–1 என்று வென்றது. பிறகு டெல்லி, மும்பை, புனே என்று வரிசையாக வீழ்ந்தன. கடைசி நான்கு ஆட்டங்களையும் வென்று 22 புள்ளிகளுடன் மூன்றாவதாக அரையிறுதிக்குள் நுழைந்தது அணி.

வெள்ளம்

அந்த வெற்றிகள் வந்துகொண்டிருந்த நாட்களில்தான் சென்னை மூழ்கியது. டிசம்பர் 1 இரவு கொட்டிய மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் அடையாற்றின் கரைகளை விழுங்கின. விமான நிலையம் மூடப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து எழும்பூருக்குப் போகும் ரயில்கள் ரத்தாயின அல்லது வழியிலேயே நின்றன.

திண்டுக்கல் போன்ற ஊர்களில் இருந்த ரசிகருக்கு இதன் பொருள் வேறு விதமாகவும் விளங்கும். சென்னையில் ஆட்டம் பார்க்க நினைப்பவர் காலையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர். பெரியமேட்டில் உள்ள விளையாட்டரங்கம் அங்கிருந்து பக்கம். மாலை ஏழு மணி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, எழும்பூருக்கு ஓடி இரவு ரயிலைப் பிடித்தால் விடிவதற்குள் திண்டுக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும். டிசம்பரில் அந்த வழி அடைபட்டது. அடைபடாமல் இருந்திருந்தாலும் பயனில்லை. அரையிறுதியின் முதல் ஆட்டமே சென்னையை விட்டுப் போய்விட்டது. டிசம்பர் 12 அன்று புனேயின் பாலேவாடி மைதானத்தில், சொந்த ரசிகர் கூட்டம் இல்லாமல், முந்தைய ஆண்டின் சாம்பியனான கொல்கத்தாவைச் சென்னை 3–0 என்று வென்றது. புரூனோ பெலிசாரி, ஜேஜே லால்பெக்லுவா, மென்டோசா ஆளுக்கொரு கோல். நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1–2 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் இறுதிக்குள் போனது.

வீட்டுக்குள் நீர் வடிந்து சேறு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு நகரத்துக்கு அந்த அணி ஆடிய ஆட்டங்கள் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் புள்ளிவிவரப் பட்டியல்கள் காட்டுவதில்லை.

இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டம் அதே ஃபட்டோர்டாவில். எதிரணி ஜிகோ பயிற்றுவித்த எஃப்.சி. கோவா, மைதானமும் அவர்களுடையது, கூட்டமும் அவர்களுடையது.

கோல் இல்லாமல் முடிந்த முதல் பாதிக்குப் பிறகு, 54ஆவது நிமிடத்தில் சென்னைக்கு ஒரு பெனால்டி. பெலிசாரி அடித்ததைக் கோவாவின் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் தோங்கோசியெம் ஹாவோகிப் சமன் செய்தார். உடனே சென்னைக்கு இன்னொரு பெனால்டி. இம்முறை பந்தை எடுத்து வைத்தவர் மென்டோசா. அதையும் கட்டிமணி தடுத்துவிட்டார்.

87ஆவது நிமிடத்தில் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2–1 என்று முன்னேறியது. மைதானம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. பெனால்டியைத் தவறவிட்டவர் என்ற பெயரோடு மென்டோசா ஊர் திரும்பியிருக்க வேண்டிய ஆட்டம் அது.

90ஆவது நிமிடத்தில் சென்னை போட்ட பந்தைக் கூட்டத்துக்கு நடுவே எம்பிக் குத்தித் தள்ள முயன்றார் கட்டிமணி. இரண்டு பெனால்டிகளைத் தடுத்த அதே கைகளில் பட்டுப் பந்து அவருடைய வலைக்குள்ளேயே விழுந்தது. 2–2. கோவா ஆட்டக்காரர்கள் நடந்ததை நம்பி முடிப்பதற்குள், அடுத்த இரண்டு நிமிடத்தில் மென்டோசா பந்தைப் பெற்று வலைக்குள் அடித்தார். 3–2. கட்டிமணிக்காக இப்போதும் மனம் இளகுகிறது. அன்று மைதானத்தில் மிக நன்றாக ஆடியவர்களில் அவரும் ஒருவர்.

ஆட்ட முறை

மென்டோசாவின் பலம் வேகம். எதிரணி தாக்குதலுக்கு முன்னேறியிருக்கும் நேரத்தில் பந்து கிடைத்தால், பின்னால் காலியாகக் கிடக்கும் பரப்பை அவர் நாலு எட்டில் கடந்துவிடுவார். ஓரத்தில் தொடங்கி உள்பக்கமாக வெட்டித் திரும்புவது அவருக்குப் பிடித்த வழி. எலானோவின் நீண்ட பாஸ்கள் அந்த ஓட்டத்துக்காகவே அளந்து வைத்ததுபோல் வரும். பந்தைக் கொடுக்க வேண்டிய இடத்திலும் தானே கொண்டுபோகப் பார்ப்பார் என்பது அவர் மீது சொல்லத்தக்க குறை.

அவரை அனல் பறக்கும் ஆட்டக்காரர் என்று ரசிகர்கள் சொல்வது சண்டைக்குணத்தை வைத்து அல்ல. அந்த வகையில் பெயர் வாங்கியவர் 2015இல் அதே சென்னை அணிக்கு ஆடிய எத்தியோப்பியர் ஃபிக்ரு டெஃபெரா. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் கோலை அடித்தவர் அவர்தான். முந்தைய ஆண்டு கொல்கத்தாவுக்கு ஆடியபோது எதிரணி ஆட்டக்காரரைத் தலையால் முட்டியதற்காகத் தடையும் பெற்றார். மென்டோசாவின் அனல் கால்களில் இருந்தது. ஒரு பெனால்டியைத் தவறவிட்ட பிறகும் கடைசி நிமிடம் வரை பந்தைக் கேட்டு ஓடிக்கொண்டிருந்ததில் இருந்தது.

பிற்காலமும் இடமும்

சென்னையை விட்டபின் 2016இல் நியூயார்க் சிட்டி எஃப்.சி., பிறகு பிரேசிலின் பஹியா, பிரான்சின் அமியேன், மீண்டும் பிரேசிலில் சியாரா, சாண்டோஸ் என்று பல அணிகளுக்கு ஆடினார். சென்னைக்குத் திரும்பவில்லை.

அவருடைய எண்கள் முறியடிக்கப்பட்டுவிட்டன. மொத்த கோல்களில் ஜேஜே அவரைத் தாண்டினார். ஒரே சீசனில் 13 என்பதை 2019–20இல் 15 கோல்கள் அடித்து நெரியுஸ் வால்ஸ்கிஸ் கடந்தார். 2018இல் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என்று வென்று இரண்டாவது கோப்பையும் வந்தது. ஆட்டத்தின் தரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த 2018 அணி இன்னும் கட்டுக்கோப்பானது. ஆனாலும் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்களின் பேச்சில் 2015க்கு உள்ள சூடு வேறு.

சொற்ப காலமே ஆடியும் ரசிகர் மனதில் நிலைத்துவிடுவதற்கு இந்தியாவில் நெருக்கமான உதாரணம் ஈஸ்ட் பெங்காலுக்கு 1980இல் வந்த ஈரானியர் மஜித் பிஷ்கர். 1978 உலகக் கோப்பைக்கான ஈரான் அணியில் இருந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த அவர், ஈஸ்ட் பெங்காலில் இருந்தது சொற்ப காலமே. ஆனால் 2019 ஆகஸ்டில் நூற்றாண்டு விழாவுக்கு அந்த அணி அவரை அழைத்தபோது, அவர் ஆட்டத்தை நேரில் பார்த்திராத இளைஞர்களும் கொல்கத்தா விமான நிலையத்தில் திரண்டார்கள். சென்னையின் எஃப்.சி.யும் தன் முதல் கோப்பையைத் தந்த மென்டோசாவை ஒருமுறை அழைத்து, பெரியமேட்டுக் கேலரியின் முன்னால் நிறுத்த வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வர வழியில்லாமல் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அன்று ரயில் ஏறுவார்கள்.