துருப்பிடித்த கான்டெஸா தேறுமா?

போன மாதம் ஒரு நாள் காலையில் நண்பர் போன் செய்தார். "ஏனுங்ண்ணா, நாளைக்கு வேலை ஒண்ணும் இல்லீங்களே? பல்லடம் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போகோணும். நீங்க கூட வந்தாத் தேவலைங்க" என்றார். என்ன வண்டி என்று கேட்டேன். கான்டெஸா என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய அப்பா ஒரு நூல் மில்லில் டிரைவராக இருந்தவர். 1988-ல் முதலாளிக்கு வாங்கிய கான்டெஸாவைக் கடைசிவரை ஓட்டியது அவர்தான். மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது, அப்பாவும் இல்லை. வண்டி மட்டும் முதலாளி குடும்பத்துத் தோட்டத்துச் சாளையில் நிற்கிறது, பேரப்பையன் இரண்டரை லட்சம் சொல்கிறான் என்றார். நண்பரிடம் பெண் கல்யாணம் போக மிச்சம் இருப்பது நாலு லட்சம். முப்பத்தைந்து வருஷம் பட்டறையில் இரும்போடு கிடந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். இந்த மாதிரி வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றாலும் வருத்தம், வாங்கு என்றாலும் பிறகு வருத்தம்.

நம் வயதுக்காரர்களுக்குக் கான்டெஸாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவினாசி ரோட்டில் நீளமான மூக்கோடு ஒன்று போனால் உள்ளே யார் என்று எட்டிப் பார்த்த காலம் அது. இப்போதைய பிள்ளைகள் அதை இந்தியாவின் 'மசில் கார்' என்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதற்குக் காரணமும் உண்டு. கான்டெஸாவின் உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனியுடையது. வாக்ஸாலை 1925-லேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. அதனால் அந்தக் கார்களின் தோற்றத்தில் அமெரிக்க வாடை அடிக்கும். 1972-ல் விக்டர் என்று வந்து, 1976-ல் வி.எக்ஸ். என்று பெயர் மாறி, 1978-ல் அங்கே நிறுத்தப்பட்ட கார் அது. அதன் அச்சுகளை வாங்கி வந்து 1984-ல் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்ய ஆரம்பித்ததுதான் நம் கான்டெஸா.

முகம் சரி, மூச்சு? 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் மசில் கார்களுக்கு மூத்தவர் என்பார்கள். அதன் இன்ஜின் 6.4 லிட்டர், 325 குதிரைத் திறன். நம் ஆள் முதலில் வந்தபோது உள்ளே இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரை! பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடத்துப் பையன் இதயம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டுமென்றால் டிரைவருக்குத்தான் வியர்க்கும். சில வருஷம் கழித்து ஜப்பானின் இசுசூ 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்து கியரும் வந்த பிறகுதான் அது கார் ஆனது. 'கிளாசிக்' என்று பின்னால் எழுதியிருக்குமே, அதுதான்.

தவறு அந்த ஒரு கம்பெனியுடையது மட்டுமில்லை. 1985-ல் நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் கம்பெனி, ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான காரின் உடம்பில் பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விற்றது. மூன்று நான்கு வருஷத்தில் கம்பெனியே படுத்துவிட்டது. லைசென்ஸ் காலம் அப்படி. வெளிநாட்டில் கழித்த அச்சு ஒன்று, உள்ளூரில் இருக்கும் இன்ஜின் ஒன்று, இரண்டையும் சேர்த்து வைத்தால் புதுக் கார். வாங்க ஆளும் இருந்தது. அவற்றில் 2002 வரை தாக்குப்பிடித்தது கான்டெஸாதான்.

சாளையில் வண்டியைப் பார்த்ததும் நண்பர் பேசாமல் நின்றுவிட்டார். நான் முதலில் பார்த்தது வண்டியை அல்ல, அது நின்ற இடத்தை. கடலோரத்து உப்புக் காற்றில் கிடந்த வண்டியும் நம் பக்கத்து வண்டியும் ஒன்றல்ல. கோயம்புத்தூர், பல்லடம் எல்லாம் மழை மறைவுப் பகுதி, காற்றில் ஈரம் குறைவு. இங்கே துரு காற்றிலிருந்து வராது, நின்ற இடத்திலிருந்து வரும். இந்த வண்டிக்குக் கீழே சிமெண்ட் இல்லை, வெறும் மண். மேலே ஓட்டில் இரண்டு இடத்தில் வெளிச்சம். பக்கத்தில் வேப்பமரம். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் கையை விட்டால் பிடிப்பிடியாக வேப்பஞ்சருகு. அங்கே தண்ணீர் வடிய ஓட்டை உண்டு. சருகு அடைத்தால் மழைத் தண்ணீர் நேராக டிரைவர் காலடிக்குத்தான் இறங்கும். மிதியடியைத் தூக்கினேன். தரை தெரிந்தது. வண்டியின் தரை இல்லை, தோட்டத்துத் தரை.

அது கூடப் பெரிதில்லை. தரைத் தகடு வெட்டி ஒட்ட நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இருந்தால் நான் அவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். அதற்கு அடியில் தனிச் சட்டம் உண்டு, மேலே இருப்பதெல்லாம் போல்ட் போட்டு முடுக்கிய துண்டுகள். கான்டெஸாவுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு மாதிரி. அது போனால் பெயிண்ட் எத்தனை பளபளத்தாலும் பிரயோஜனமில்லை.

பையில் கொண்டுபோன காந்தத்தைத் துணியில் சுற்றி அந்தப் பகுதியில் வைத்துக்கொண்டே வந்தேன். முன் பாதியில் ஒட்டியது. பின் சக்கரம் நெருங்க நெருங்கக் கீழே விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, பட்டி. எப்போதோ ஒரு டிங்கர் ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறான். ஸ்க்ரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், பொரி மாதிரி உதிர்ந்தது. பேரப்பையன் முகம் மாறியது. "மேல் துருதானுங்க அது" என்றான். சரி என்று சொல்லிவிட்டு ஜாக்கி கேட்டேன்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வண்டி தரையில் நிற்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மறுபடி மூடிப் பாருங்கள். எலும்பு நன்றாக இருந்தால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி மூடும். இங்கே தூக்கியதும் இடப்பக்கப் பின்கதவு மூட மறுத்துவிட்டது. வண்டி நடுவில் வளைகிறது என்று அர்த்தம்.

இன்ஜினைப் பற்றி நான் கவலையே படவில்லை. பேனைக் கையால் திருப்பினால் சுற்றவில்லை, இறுகியிருந்தது. ஆனால் பிஸ்டன், போரிங், வால்வு எல்லாம் இங்கே ஆகிற வேலை. பம்பு செட்டையும் நூல் மிஷினையும் உருக்கி வார்த்துக் கடைந்த ஊரில் இன்ஜின் ஒரு விஷயமா? கிடைக்காதது எது என்றால் முன் கண்ணாடி, அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், பின் விளக்குக் கவர், பம்பர். பணம் போனாலும் இவற்றுக்கு உக்கடம் பழைய மார்க்கெட்டில் தவம் கிடக்க வேண்டும். நல்லவேளை, இந்த வண்டியில் கண்ணாடி, விளக்கு எல்லாம் உடையாமல் இருந்தன.

கடைசியாக ஆர்.சி.யைக் கேட்டேன். 1988-ல் பதிவு. பதினைந்து வருஷம் முடிந்து 2003-ல் ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்கள், 2008-க்குப் பிறகு ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய வில்லங்கம், வண்டி மில் கம்பெனியின் பெயரில் இருந்தது. 29, 30 என்ற படிவங்களில் கம்பெனி சார்பாகக் கையெழுத்துப் போடப் போவது யார்? பேரப்பையனுக்குப் பதில் தெரியவில்லை. "பழைய வண்டிக்குத் தனிப் பதிவு வந்திருக்குதுங்களே" என்றான். வந்திருக்கிறது, 2021-ல். ஆனால் அது ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு. இதற்கு 2038 ஆகும், நண்பருக்கு அப்போது எண்பது நெருங்கிவிடும்.

திரும்பி வரும்போது சூலூர் வரை நண்பர் வாயே திறக்கவில்லை. அப்புறம், "தேறாதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரும்பு தேறும், காகிதம் தேறாது என்றேன். டிங்கர் வேலைக்கே சொல்கிற விலைக்கு மேல் ஆகும். இன்ஜின் தனி, பெயிண்ட் தனி. எல்லாம் செய்தும் ரோட்டில் இறக்க முடியாவிட்டால் பெண் கல்யாணத்துக்குப் போக மிஞ்சிய பணத்தைச் சாளையிலிருந்து வீட்டு வாசலுக்கு மாற்றியதுதான் மிச்சம். கம்பெனி கையெழுத்தை அந்தப் பையன் முதலில் வாங்கித் தரட்டும், அதன் பிறகு ஒரு லட்சத்துக்குப் பேசலாம், அதற்குமேல் ஒரு ரூபாய் கூடாது என்று சொன்னேன். என்மேல் வருத்தம்தான். இரண்டு வாரம் போன் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். பேரப்பையன் ஆடிட்டரிடம் விசாரிக்கிறானாம், விலையை மட்டும் இறக்க மாட்டேன் என்கிறானாம். வண்டி அங்கேயேதான் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தச் சருகை அள்ளிவிட்டு, நாலு சக்கரத்துக்கும் கீழே கல் கொடுத்து ஒரு தார்ப்பாயாவது போட்டுவிட்டு வாங்க என்றேன். சரிங்ண்ணா என்று உடனே கிளம்பிவிட்டார்.