ஒரே இசை, வெவ்வேறு மூளைநிலைகள்: இசைகேட்டல் ஆய்வின் வரலாற்றுப் போக்கு

முன்னுரை

ஒரே பதிவை ஒரே கருவியில் ஒரே ஒலியளவில் கேட்டாலும் அனுபவம் ஒன்றாக இருப்பதில்லை. தூக்கக் கலக்கத்தில் கேட்பது ஒன்று, துக்கத்தில் கேட்பது ஒன்று, மனம் ஒன்றிக் கேட்பது வேறொன்று. இசையோடு வாழும் எவரும் இதை அறிவர். ஆய்வுலகமோ இதை ஏற்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் கேட்பவரின் மூளைநிலை ஆய்வுக்கு இடையூறாகக் கருதப்பட்டது. பின்னர் அளக்கத்தக்க ஒரு கூறாயிற்று. இன்று அதுவே ஆய்வுப்பொருளாகி நிற்கிறது. இந்த மாற்றம் நிகழ்ந்த விதத்தை 1863 முதல் இன்றுவரையிலான முக்கிய ஆய்வுகளின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. இசை என்பது ஒலியில் மட்டும் இல்லை, அது கேட்கும் மூளையின் அப்போதைய நிலையோடு சேர்ந்தே உருவாகிறது என்பது இதன் கருதுகோள்.

1. செவி மையமாக இருந்த காலம்

இசைகேட்டலைப் பற்றிய நவீன ஆய்வு ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸிடமிருந்து தொடங்குகிறது. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த அவர், 1863இல் ஸ்வர உணர்வு குறித்த தம் பெருநூலை வெளியிட்டார். ஒத்ததிர்விகளைக் காதில் பொருத்தி, ஒரு ஸ்வரத்துக்குள் பல மேற்சுருதிகள் கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். உட்செவியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு இசைந்து அதிர்கிறது என்பது அவர் கொள்கை.

அந்த நூலிலேயே பிற்கால ஆய்வின் வித்தும் இருந்தது. மேற்சுருதிகள் எல்லோர் செவியையும் எட்டினாலும், கவனத்தை அவற்றின்மேல் செலுத்தப் பழகியவருக்கே அவை தனித்துக் கேட்கின்றன என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் குறிப்பிட்டார். கவனம் என்பது மூளையின் நிலை. ஆனால் அதை அளக்க அன்று கருவி இல்லை. எனவே அடுத்த அறுபது ஆண்டுகள் ஒலியும் செவியுமே ஆய்வை ஆண்டன.

2. மூளைநிலை அளவைக்கு உட்பட்ட காலம்

ஜெர்மனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்து, 1929இல் முடிவுகளை வெளியிட்டார். கண்மூடி ஓய்ந்திருக்கும்போது விநாடிக்குச் சுமார் 10 முறை எழும் ஆல்ஃபா அலை, கண் திறந்ததும் அல்லது மனம் ஒன்றில் ஈடுபட்டதும் தணிந்தது. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் இதை உறுதிசெய்த பிறகே உலகம் பெர்கரை நம்பியது.

அமெரிக்காவின் டக்ஸீடோ பார்க்கில் தம் சொந்த ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் லூமிஸும் அவரது குழுவினரும், 1937இல் உறக்கத்தை மின்னலைகளின் அடிப்படையில் படிநிலைகளாகப் பிரித்தனர். உறங்குபவரின் மூளையில் ஓர் ஒலி, கே-காம்ப்ளக்ஸ் எனப்படும் பெரிய அலையொன்றை எழுப்புவதையும் அடுத்த ஆண்டு விவரித்தனர். 1949இல் மொரூட்ஸியும் மகூனும் மூளைத்தண்டின் வலைப்பின்னல் பகுதியைத் தூண்டினால் உறக்க அலைகள் விழிப்பு அலைகளாக மாறுவதை விலங்குகளில் காட்டினர். விழிப்பையும் உறக்கத்தையும் மூளையே உண்டாக்குகிறது என்பது நிறுவப்பட்டது.

உறங்கும் மூளை ஒலிகளைத் தரம் பிரிக்கவும் செய்கிறது. 1960இல் இயன் ஆஸ்வால்டும் உடனாய்வாளர்களும் உறங்குபவர்களுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பினர். பிற பெயர்களைவிடத் தம் சொந்தப் பெயருக்கே அவர்கள் மூளை மிகுதியாக எதிர்வினையாற்றியது.

இதே காலத்தில் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்புநோய்க்கு அறுவைசிகிச்சை செய்துவந்தார். அறுவை செய்யும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்ததால் நோயாளிகள் விழித்தே இருந்தனர். காதுக்கு மேற்புறமுள்ள பொட்டுமடலில் மெல்லிய மின்தூண்டல் தந்தபோது சிலருக்கு இசை கேட்டது. கேட்ட மெட்டை ஒருவர் முணுமுணுத்தும் காட்டினார். அறையில் எந்த இசையும் ஒலிக்கவில்லை. பென்ஃபீல்டும் பெரோவும் 1963இல் வெளியிட்ட விரிவான தொகுப்பு, வெளியிலிருந்து ஒலி வராமலே மூளை இசையனுபவத்தைத் தரவல்லது என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

3. எதிர்பார்ப்பும் விழிப்பும்

1956இல் லெனர்ட் மேயர் இசையின் உணர்ச்சியும் பொருளும் பற்றிய நூலில் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்பவர் அடுத்து வருவதை ஓயாமல் எதிர்பார்க்கிறார். அது தாமதமாகும்போதும் தவறும்போதும் உணர்ச்சி பிறக்கிறது என்பதே அது. 2000ஆம் ஆண்டில் ஸ்டீஃபன் கெல்ஷும் குழுவினரும் இதற்கு நரம்பியல் அடையாளம் கண்டனர். மேற்கத்திய இசைமரபின்படி அந்த இடத்தில் பொருந்தாத கார்டு எனும் ஸ்வரக்கூட்டு ஒன்று ஒலித்தால், சுமார் 0.2 விநாடிக்குள் மூளையின் முன்பகுதியில் தனித்த மின்னெதிர்வினை எழுந்தது. இசை பயிலாதவர்களிடமும் அது காணப்பட்டது.

இந்த எதிர்பார்ப்பு எந்த அளவு விழிப்பைச் சார்ந்தது? லைப்சிக் நகரில் புரோபோஃபால் என்னும் மயக்கமருந்தைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆழ்ந்த அரைமயக்கத்தில், ஒலியின் தன்மையே திடீரென மாறும்போது எழும் எதிர்வினை குறைந்த அளவிலேனும் நீடித்தது. இசையிலக்கணம் மீறப்படும்போது எழும் எதிர்வினையோ மறைந்துவிட்டது. மூளைநிலை தாழத் தாழ முதலில் மறைவது இசையின் இலக்கணம். ஒலி வேறுபாட்டை உணரும் திறன் அதற்குப் பிறகும் நீடிக்கிறது. மூளைநிலைக்கும் இசைகேட்டலுக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகப் படிப்படியாகக் காட்டும் சான்றுகள் அரியவை.

ஆனால் உறக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுவதில்லை. 2009இல் இஷ்ட்வான் விங்க்லர் குழுவினர் உறங்கிக்கொண்டிருந்த பச்சிளங்குழந்தைகளுக்குத் தாளக்கோவை ஒன்றை ஒலிக்கவிட்டனர். அதன் முதன்மைத் தட்டு விடுபட்டபோதெல்லாம் அவர்கள் மூளை அதைக் கண்டுகொண்டது.

விழித்திருப்பவரின் எண்ணம்கூடக் கேட்டலை மாற்றுகிறது என்பதை சில்வி நோசரடான் 2011இல் காட்டினார். விநாடிக்கு 2.4 தட்டுகள் கொண்ட ஒலி. அதில் எந்தத் தட்டுக்கும் தனி அழுத்தம் இல்லை. கேட்பவர்கள் அதை மனத்துக்குள் இரண்டிரண்டாக எண்ணியபோது மூளையலையில் 1.2 ஹெர்ட்ஸ் துடிப்பு எழுந்தது. நம் வழக்கில் திஸ்ரம் எனப்படும் மும்மூன்றாக எண்ணியபோது 0.8 ஹெர்ட்ஸ் துடிப்பு எழுந்தது. ஒலி அதேதான், தாளத்தைத் தந்தது மூளை.

4. இன்பத்தின் வேதியியல்

1980இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஏவ்ரம் கோல்ட்ஸ்டைன், இசையால் எழும் மெய்சிலிர்ப்பை ஆராய்ந்தார். அபின்வகை வேதிப்பொருள்கள் மூளையில் செயல்படுவதைத் தடுக்கும் நலாக்ஸோன் மருந்து தரப்பட்ட 10 பேரில் 3 பேருக்குச் சிலிர்ப்பு குறைந்தது. சிறிய ஆய்வு, ஆனால் மூளையின் வேதிநிலை மாறினால் இசையனுபவம் மாறுமா என்ற கேள்வியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தது.

2001இல் ஆன் பிளட்டும் ராபர்ட் சட்டோரேயும் 10 இசைக்கலைஞர்கள் தாமே தேர்ந்த இசையைக் கேட்டுச் சிலிர்த்த தருணங்களை பெட் ஸ்கேனில் பதிவு செய்தனர். உணவு முதலியவற்றால் தூண்டப்படும் இன்பப் பகுதிகளே அங்கும் இயங்கின. 2011இல் வலோரி சலிம்பூர் குழுவினர் 8 பேரிடம் டோபமைன் என்னும் மூளை வேதிப்பொருளின் சுரப்பையே அளந்தனர். உச்சத்தை எதிர்நோக்கும் கணங்களில் காடேட் பகுதியிலும், உச்சத்தை எட்டியதும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸிலும் அது சுரந்தது. மேயர் கூறிய எதிர்பார்ப்புக்கு மூளையில் இடமும் நேரமும் குறிக்கப்பட்டன.

இவை உடனிகழ்வையே காட்டின, காரணத்தை அல்ல. அந்தக் குறையை அடுத்த இரு ஆய்வுகள் தீர்த்தன. 2018இல் எர்னஸ்ட் மாஸ்-எரேரோ குழுவினர் முன்மூளையின் இடப்பக்கத்தில் காந்தத்தூண்டல் தந்தனர். இன்பச்சுற்றை ஊக்குவித்தபோது இசையின்பம் கூடியது, தணித்தபோது குறைந்தது. 2019இல் லாரா ஃபெரேரி குழுவினர் பார்சலோனாவில் 27 பேருக்கு மூன்று தனித்தனி அமர்வுகளில் டோபமைனைக் கூட்டும் லெவோடோபா, அதன் செயலைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன், மருந்தில்லாத மாத்திரை ஆகியவற்றைத் தந்தனர். லெவோடோபா இசையின்பத்தையும் அந்தப் பாடலுக்குப் பணம் செலவிடும் விருப்பத்தையும் கூட்டியது. ரிஸ்பெரிடோன் இரண்டையும் குறைத்தது. கேட்டவர் அவரே, மாறியது வேதிநிலை மட்டுமே.

5. மனநிலை, விருப்பம், மாறிய உணர்வுநிலை

வெளிவேலை எதுவும் இல்லாதபோது இயங்கும் மூளை வலையமைப்பை மார்கஸ் ரெய்க்லி 2001இல் விவரித்தார். தன்னைப் பற்றிய சிந்தனையோடும் நினைவுகளோடும் தொடர்புடையது அது. 2014இல் ராபின் வில்கின்ஸ் குழுவினர் 21 பேரிடம் செய்த ஆய்வில், பிடித்த இசை கேட்கும்போது இந்த வலையமைப்பின் இணைப்பு வலுத்தது. பிடிக்காத இசையில் அதன் முக்கிய முனை தனித்துப்போனது. எந்த வகை இசை என்பதைவிட, அது பிடித்ததா என்பதே மூளையின் இணைப்பைத் தீர்மானித்தது.

மனநிலையின் பங்கும் அளக்கப்பட்டுள்ளது. 2011இல் ஹன்டர், ஷெல்லன்பெர்க், கிரிஃபித் ஆகியோர் காட்டியபடி, மக்கள் பொதுவாகச் சோக இசையைவிட மகிழ்ச்சியான இசையையே விரும்புகின்றனர். ஆனால் துயரமான மனநிலை தூண்டப்பட்டவர்களிடம் அந்த விருப்பம் காணப்படவில்லை.

மருந்தால் மாறும் உணர்வுநிலையில் இசையின் இடத்தை 1972இல் ஹெலன் பானியும் வால்டர் பாங்கியும் எல்.எஸ்.டி. உளசிகிச்சை பற்றிய கட்டுரையில் விவரித்தனர். 2017இல் சூரிச்சில் கத்ரின் பிரெல்லர் குழுவினர், சாதாரண நிலையில் பொருளற்றதாகத் தோன்றிய இசை எல்.எஸ்.டி.யின் தாக்கத்தில் ஆழ்ந்த பொருளுடையதாகத் தோன்றுவதைக் கண்டனர். செரட்டோனின் 2ஏ ஏற்பிகளைத் தடுக்கும் கெட்டான்செரினை முன்னதாகக் கொடுத்தபோது அந்த மாற்றம் நிகழவில்லை. ‘இந்தப் பாட்டு எனக்கானது’ என்ற உணர்வுகூட ஒரு வேதிநிலையைச் சார்ந்திருக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. ஒன்று, விழிப்பின் அளவு மாறும்போது இசையின் கூறுகள் ஒரே நேரத்தில் மறைவதில்லை. நுட்பமானவை முதலில் மறைகின்றன. இரண்டு, தாளமும் எதிர்பார்ப்பும் ஒலியில் மட்டும் இல்லை. கேட்பவரின் மூளை அவற்றை உருவாக்குவதில் பங்குகொள்கிறது. மூன்று, இன்பமும் பொருளும் மூளையின் வேதிநிலையால் கூடவும் குறையவும் செய்கின்றன.

இந்த ஆய்வுகளுக்கு எல்லைகள் உண்டு. பங்கேற்றவர்கள் பெரும்பாலும் சில பத்துப் பேரே. பயன்படுத்தப்பட்டது பெரும்பாலும் மேற்கத்திய இசையே. ராகமும் தாளமும் சார்ந்த இசைமரபுகளில் இவற்றை மீண்டும் சோதிக்காமல் உலகப் பொதுவிதி எனக் கூறுதல் தகாது.

ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கேட்பவரின் நிலையைக் கணக்கில் கொள்ளாமல் ‘இந்த நோய்க்கு இந்த இசை’ என்று பட்டியல் தருவதை இந்தச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. இசைச்சிகிச்சை செய்வோரும் இசையை ஆராய்வோரும், எதைக் கேட்கவைத்தார்கள் என்பதோடு, கேட்டவர் விழிப்பிலா அரைமயக்கத்திலா, துயரிலா நிறைவிலா, எந்த மருந்தின் தாக்கத்தில் இருந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத முடிவு முழுமையான முடிவு ஆகாது.