பழைய சட்டைக்கு என்ன விலை?

வித்துராவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொன்முடி போகிறவர்கள் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிற ஊர். குடும்பம் கரூரில். ஆக, என் குடும்ப வாழ்க்கை தினமும் இரவு எட்டரையிலிருந்து ஒன்பது வரை போனில் நடக்கிறது.

போன வாரம் அந்த அரை மணி நேரத்தில் மகன் மெதுவாக ஆரம்பித்தான். "அப்பா, 1,600 ரூபா வேணும். கேம்ல ஒரு ஸ்கின் வாங்கணும். பழைய ஸ்கின்ப்பா, ரொம்ப நாள் கழிச்சு கடைக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்."

ஸ்கின் என்றால் விளையாட்டுப் பொம்மைக்கு மாட்டிவிடும் சட்டை. அதைப் போட்டால் வேகமாக ஓடாது, குண்டு படாமல் தப்பிக்காது. பார்க்க மட்டும் வேறு மாதிரி இருக்கும். பின்னாலிருந்து தங்கமணி குரல்: "அந்தக் காசுக்கு நிஜ சட்டையே ரெண்டு எடுக்கலாம்!" நியாயம்தான். ஆனாலும் கடன் கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிற அதே பதிலை இவனிடமும் சொன்னேன். "ரெண்டு நாள் டைம் கொடு, பார்த்துட்டு சொல்றேன்."

பி.காம். படித்தவனுக்கு எதற்கும் பழைய கணக்கைப் புரட்டினால்தான் தூக்கம் வரும். புரட்டினேன். சின்ன வரலாறுதான், ஆனால் சுவாரசியம்.

2003இல் கொரியாவில் மேப்பிள் ஸ்டோரி என்று ஒரு விளையாட்டு வந்தது. ஆடுவது இலவசம், அலங்காரத்துக்குக் காசு. அதில் விற்ற பல உடைகளுக்கு 90 நாள்தான் ஆயுள். அப்புறம் மறுபடி காசு கட்ட வேண்டும். வாடகை சைக்கிள் மாதிரி! ஆனால் வாடகை என்பதை ஒளிக்கவில்லை. 2006 ஏப்ரலில் ஆப்ளிவியன் என்ற விளையாட்டில் குதிரைக்குக் கவசம் இரண்டரை டாலருக்கு விற்றார்கள். உலகமே சிரித்தது. அன்று சிரித்தவர்களில் எத்தனை பேர் பிற்பாடு ஸ்கின் வாங்கினார்களோ, ஆண்டவனுக்கே வெளிச்சம் :-)

2013 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் துப்பாக்கி ஸ்கின்கள் வந்தன. அவற்றை ஒருவருக்கொருவர் விற்கவும் முடிந்தது. அங்கேதான் "பழசானால் விலை ஏறும்" என்ற எண்ணம் வேர் விட்டது. சட்டை முதலீடாக மாறிய இடம் அது.

இப்போது என் கிளைக்கு வாங்க. சில மாசம் முன்னால் ஒரு அம்மச்சி கைக்குட்டையில் முடிந்து நாலு செப்புக் காசு கொண்டுவந்தார். ஒரு பக்கம் சித்திரைத் திருநாள் மகாராஜா, மறுபக்கம் சங்கு. திருவிதாங்கூர் சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த ராஜ்ஜியத்துக்குள் எல்லாம் வாங்கலாம், எல்லை தாண்டினால் மாற்றித்தான் ஆக வேண்டும். விளையாட்டுக் கம்பெனிகள் விற்கிற காயினும் இதே ஜாதிதான்.

"மோனே, இதுக்கு எத்தற கிட்டும்?" என்று கேட்டார். வங்கியில் வாங்க முடியாது என்றேன். நிறைய அடித்த காசு, பழசு என்பதற்காக மட்டும் பெரிய விலை போகாது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஆனால் அதற்கு ஒரு பெருமை உண்டு. 1949இல் திருவிதாங்கூர் கொச்சியோடு இணைந்துவிட்டது. இனி ஒரு சக்கரம்கூடப் புதிதாக அடிக்க ஆளில்லை. இருப்பது குறையுமே தவிர கூடாது.

ஸ்கின் விஷயத்தில் அக்கசாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது! முதலாளி நினைத்தால் நாளைக்கே இன்னும் ஒரு லட்சம் அடிப்பார். அடித்தும் இருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் 2012 உலகக் கோப்பைக்காக ரிவன் என்ற பாத்திரத்துக்கு ஒரு ஸ்கின் வந்தது. அரிய பொருளாக இருந்ததை 2016இல் மறுபடி விட்டார்கள். பழைய ஆட்களைச் சமாதானப்படுத்த அவர்களுக்கு மட்டும் தனி அடையாளம் வைத்த பதிப்பைக் கொடுத்தார்கள். ஃபோர்ட்நைட்டில் பேட்டில் பாஸ் ஸ்கின் அந்த சீசனோடு சரி என்று இருந்தது. 2024இல், இனி வரும் பாஸ்களின் ஸ்கின்கள் 18 மாதம் கழித்துக் கடைக்கு வரலாம் என்று விதியையே மாற்றிவிட்டார்கள். 2025 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஒரே ஒரு அப்டேட். ஐந்து சிவப்பு ரக ஸ்கின்களைக் கொடுத்து ஒரு கத்தி வாங்கலாம் என்றதும், அதுவரை அரிதாக இருந்த கத்திகளின் விலை மடமடவென்று சரிந்தது. ரிசர்வ் வங்கி இல்லாத ஊரில் நோட்டு அடிப்பவர் வைத்ததே சட்டம்.

சரி, அக்கசாலையை மூடிவிட்டால் விலை ஏறுமா? அதுவும் இல்லை. மகாராஜா போனாலும் அம்மச்சி கையில் செம்பு மிச்சம். சர்வர் போனால் ஸ்கின்னில் என்ன மிச்சம்? நம் நாட்டிலேயே பார்த்தோம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2 தடை செய்யப்பட்டது, அக்டோபர் 30உடன் சர்வரும் நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்து பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வழி கொடுத்ததால் பலர் தப்பித்தார்கள். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. நாம் வாங்குவது பொருள் அல்ல, உபயோகிக்கும் அனுமதி மட்டும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளுக்கு "வாங்கு" என்று போட்டால், அது வெறும் அனுமதிதான் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

என் பேரேட்டு முடிவு இதுதான்: ஸ்கின் சொத்துப் பக்கத்தில் வராது. செலவுப் பக்கம், பொழுதுபோக்குத் தலைப்பு. வாங்கிய நிமிஷமே முழுத் தேய்மானம். அப்படி எழுதிவிட்டும் மனசு உறுத்தாவிட்டால் வாங்கலாம். "திரும்ப வராது, பின்னால் விலை போகும்" என்பதற்காக வாங்கக்கூடாது. மூணு வருஷம் கழித்து இன்று கடைக்கு வந்ததே, அது மறுபடியும் வரும் என்பதற்கு சாட்சி.

வெள்ளிக்கிழமை இரவு இதையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "விக்கறதுக்கு இல்லப்பா" என்றான்.

"பின்ன எதுக்கு?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னான். 2020 ஊரடங்கில் தினமும் கூட ஆடிய பக்கத்து வீட்டுப் பையன் போட்டிருந்த ஸ்கின் அது. அவன் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் சூரத் போய்விட்டார்கள். இன்னமும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுகிறார்களாம். "ரெண்டு பேரும் ஒரே சட்டை போட்டு இறங்கலாம்னு..."

மாற்றல் என்ற வார்த்தை வந்ததும் என் பேரேடு மூடிக்கொண்டது. நானும் எட்டரை மணிக்கு போனில் ஆஜராகிற ஆள்தானே!

"போன மாசம் எத்தனை நாள் ஆடினே?" என்று மட்டும் கேட்டேன். "நாலு ஞாயிறும்." 1,600 ரூபாயை ஒரு வருஷத்து ஞாயிறுகளால் வகுத்தால் ஒரு தடவைக்கு முப்பது ரூபாய் சொச்சம். இங்கே டீயும் பழம்பொரியும் அந்தப் பக்கம்தான் வரும். அனுப்பிவிட்டேன். தங்கமணியிடம் இன்னும் சொல்லவில்லை.

டிஸ்கி: இது முதலீட்டு ஆலோசனை அல்ல. யாராவது "பழைய ஸ்கின்னோடு கணக்கே விற்கிறேன்" என்று வந்தால் ஓடிவிடுங்கள். அது பெரும்பாலும் விதிக்குப் புறம்பு. காசும் போகும், கணக்கும் முடங்கும்.