தோம்பில் ஏறாத வீடுகள்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலவாசகங்கள் 1929-இல் தொகுத்து அச்சிடப்பட்டன. அத்தொகுதியைப் புரட்டுகிறவர் அரசர்களின் புகழைக் காட்டிலும் அதிகமாக எதிர்கொள்வது நிலத்தைத்தான். இன்ன குளத்துக்கு மேற்கே, இன்னார் புன்செய்க்குத் தெற்கே என நான்கு எல்லைகளும் கல்லில் நிற்கின்றன. பிற்காலத்தில் இதே மாவட்டத்தில் தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை ஆகிய ஊர்களில் ஈழ அகதிகளுக்கு முகாம்கள் அமைந்தன. 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. கடல் கடந்து அங்கு வந்து சேர்ந்தவர்களின் கிணற்றுக்கும் வேலிக்கும் எல்லை சொல்லும் ஏடு எது?

இக்கேள்வியை வேறொரு கரையிலிருந்து கலையாக்கியவர் தா. சனாதனன். 1969-இல் பிறந்தவர், தில்லியில் ஓவியம் பயின்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்து வருபவர். 1981-இல் எரியூட்டப்பட்டு, பின் புதுப்பிக்கப்பட்ட யாழ் பொது நூலகத்தில் 2004-இல் அவர் ஒரு நிர்மாணக் கலைப்படைப்பை வைத்தார். குடாநாட்டு வீடுகளிலிருந்து திரட்டிய நூற்றுக்கணக்கான பொருள்களே அதன் உடல். நூல்கள் சாம்பலான கட்டடத்தில், எழுதப்படாத வரலாற்றின் சான்றுகளாக வீட்டுப் பொருள்கள் வந்து அமர்ந்தன. 'வரலாறுகளின் வரலாறு' என்று பொருள்படும் தலைப்பு சற்றுப் பெரியதாகப் படலாம். அந்த இடத்தை நினைத்தால் அவ்வாறு தோன்றாது.

அவருடைய படைப்புகளில் என்னை அதிகம் பாதித்தது 2011-இல் வெளிவந்த 'முற்றுப்பெறாத தோம்பு'. தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்லின் வழி ஈழத் தமிழில் நிலைத்தது. 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658-இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் காணிகளையும் உடையவர்களையும் இறுக்க வேண்டிய வரிகளையும் பதிந்த ஏடு அது. ஆள்பவன் தன் வருவாய்க்காக எழுதிய கணக்கு. ஆயினும் பிற்காலத்தில் குடிகளுக்கே உரிமைச் சான்றானது.

சனாதனன் அந்த அலுவலக வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் கையைத் திருப்பிவிட்டார். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேர், தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்தனர். ஒவ்வொன்றையும் ஒரு கட்டடக் கலைஞர் முறையான வரைபடமாக்கினார். பின்னர் சனாதனன் தம் ஓவியத்தைச் சேர்த்தார். கோப்பைப் போன்றதொரு நூலாக அது அமைந்தது.

இம்மூன்றிலும் கட்டடக் கலைஞரின் தாளே எனக்கு அதிகத் துயரம் தருவது. கோணம் பிசகாத அந்தக் கோடுகளைக் கொண்டு ஒரு கொத்தனார் வீடு எழுப்பிவிட முடியும். ஆனால் திரும்ப முடியாதவனுக்கு அளவு சரியாக இருந்தென்ன? நடுங்கும் முதல் கோட்டிலோ, வாசலிலிருந்து அடுப்படிவரை நடந்த கால்களின் பழக்கம் இருக்கிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் சாலையில் இறங்கினர். காணி உறுதிப் பத்திரத்தைக்கூட எடுக்க இயலாமல் போனவர்களுக்கு எஞ்சியது அந்தப் பழக்கம் மட்டுமே.

எண்பது என்பது மிகச் சிறிய எண். தலைப்பே அதை ஒப்புக்கொள்கிறது. லேனாவிளக்கில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் தாளும் பென்சிலும் கொடுத்தால், அவர் தாம் கண்டிராத ஊர் வீட்டைத் தாயின் சொல்லைக் கேட்டுத்தான் வரைய வேண்டும். கிணறு வலப்பக்கமா இடப்பக்கமா என்று இடையில் ஒருமுறை கேட்கவும் நேரும்.