பாச்சி வேலை: பவளத் தொட்டியின் பாசி குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஹைதராபாத்தின் தெலுங்கில் நீரில் படரும் பாசிக்குப் பெயர் ‘பாச்சி’. பல் துலக்காத வாயில் படிந்திருக்கும் படலத்துக்கும், இரவு கடந்த பழமையின் வாடைக்கும் அதே சொல்தான். விடிந்ததும் வீடு கூட்டிப் பாத்திரம் துலக்கும் வேலையை அங்கே ‘பாச்சி பனி’ என்பார்கள். அந்தப் ‘பனி’ நம் ‘பணி’யே. தமிழின் பாசியும் தெலுங்கின் பாச்சியும் பச்சை, பசுமை என்பவற்றைத் தந்த திராவிட வேரிலிருந்து கிளைத்தவை. தமிழில் அச்சொல் பசுமையின் பக்கமே பெரிதும் தங்கிவிட்டது. தெலுங்கில் அது அழுக்குக்கும், அழுக்கை நாள்தோறும் நீக்கும் உழைப்புக்கும் நகர்ந்தது. வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாம் பொருள் உடனே விளங்கும்.

ஹைதராபாத் கடலிலிருந்து நேர்கோட்டிலேயே இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. இங்கே ஒரு குடியிருப்பின் வரவேற்பறையில் கடல் வேண்டுமென்றால், வடிகட்டித் தூய்மையாக்கிய நீரில் உப்புக்கலவையைக் கரைத்து அதை உண்டாக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே ஊற்றினால் அதிலுள்ள நைட்ரேட்டும் சிலிகேட்டும் முதல் மாதத்திலேயே கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடும். பிறகு பச்சை மயிர்ப்பாசி வரும். அதன் பின்னர் செந்நிறச் சளிபோலப் படரும் சயனோபாக்டீரியா. இந்த வரிசை புதிய தொட்டிகளில் ஏறக்குறைய மாறுவதில்லை. இவற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற கேள்விக்கு 170 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பாசியைப் பகையென்று முடிவுசெய்ததும், பின்னர் அம்முடிவைப் பாதி திரும்பப் பெற்றதும் அந்த வரலாற்றில் அடங்கும்.

தொடக்கம் நன்னீரில். லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலராக இருந்த ராபர்ட் வாரிங்டன், 1849இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நீரியா என்ற நீர்த்தாவரத்தையும் வைத்தார். தாவரம் உயிர்வளி தரும், மீன் கரிவளி தரும், கணக்கு நேராகும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு நேராகவில்லை. உதிர்ந்த இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பசும்படலம் ஏறியது. அவர் குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தைகள் அழுகலையும் படலத்தையும் தின்றன, நீர் தெளிந்தது. 1850இல் வெளியான அவரது அறிக்கையை மீன்தொட்டி வரலாற்றாசிரியர்கள் ‘சமநிலைத் தொட்டி’யின் பிறப்பாகவே கொண்டாடுகிறார்கள். அதைப் பாசிக் கட்டுப்பாட்டின் முதல் ஆவணமாகவும் வாசிக்கலாம். மீன், தாவரம் என்ற இரண்டே உறுப்புகளால் ஆன அழகிய சமன்பாடு செல்லாது, துப்புரவு செய்ய மூன்றாவதாக ஓர் உயிர் வேண்டும் என்பதுதான் அதன் உண்மையான கண்டுபிடிப்பு. அந்தத் துப்புரவாளர் மட்டும் கொண்டாட்டங்களில் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்!

1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘தி அக்வேரியம்’ வெளிவந்தது. கடற்பாசியே அக்காலத் தொட்டியின் உயிர்நாடி. காற்றுப் பம்பு இல்லாத காலத்தில் உயிர்வளிக்கு வேறு வழியில்லை. விரும்பிய பாசி வளர வேண்டும், விரும்பாதது வளரக்கூடாது என்ற பாகுபாட்டுக்கு அங்கே வேதியியல் அடிப்படை ஏதுமில்லை, கண்ணுக்கு அழகா என்பதே அளவுகோல். அந்த மோகம் டெவன் கரையின் பாறைக்குட்டைகளைச் சூறையாடியதை அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியான தன் நினைவுநூலில் வருத்தத்தோடு பதிவுசெய்தார்.

சென்னை மெரினாவில் 1909இல் கடல்வாழ் உயிர்களுக்கான காட்சியகம் அமைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன், 1904இல், அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் மூரும் கார்ல் கெல்லர்மனும் குடிநீர்த் தேக்கங்களின் பாசியைத் துத்தம் கொல்லும் என்று வெளியிட்டிருந்தார்கள். செம்பின் நஞ்சு மலிவானது, விரைவானது. உலகெங்கும் நீர்வாரியங்கள் அதைக் கையாளத் தொடங்கின. ஆனால் பாசியைக் கொல்லும் செம்பு முதுகெலும்பில்லா உயிர்களையும் கொல்லும், பவளத்தையும் விடாது. பவளத் தொட்டியின் வரலாறு குடிநீர்த் தேக்கத்தின் வரலாற்றிலிருந்து பிரிவது இந்த இடத்தில்தான். ஒன்றில் நஞ்சிடலாம், மற்றொன்றில் பட்டினி போடத்தான் முடியும். இன்றும் பிரயோபிசிஸ் என்ற பிடிவாதமான பாசிக்கு ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மாத்திரையைக் கரைத்துவிடும் பழக்கம் ஆர்வலர்களிடையே உண்டு. பாசி சாகும், அதன் உடலில் சேர்ந்திருந்த ஊட்டமெல்லாம் நீருக்குத் திரும்பும், அடுத்த பாசி அதை உண்டு வளரும்.

பட்டினி போடும் வழி இரண்டு இடங்களில் தனித்தனியாகத் திறந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் பவளத்திட்டின் பாறைத்துண்டுகளை அவற்றின் நுண்ணுயிர்களோடு தொட்டியிலிட்டு, வெயிலும் மெல்லிய காற்றுக்குமிழிகளும் மட்டும் தந்து பவளங்களை வாழவைத்தார். 1961இல் அமெரிக்க இதழொன்றில் அதை எழுதினார். ஜெர்மனியில் நுரையைக் கொண்டு கரிமக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் வளர்ந்தது. பாறை, ஸ்கிம்மர், வலிமையான விளக்கு, சுண்ணாம்பு நீர் ஆகியவற்றை இணைத்த முறை பெர்லின் ஆர்வலர்களின் பெயரால் வழங்குகிறது. டீட்ரிச் ஸ்டூபர் அவர்களுள் முதன்மையானவர். கழிவு நைட்ரேட்டாகச் சிதைவதற்கு முன்பே அதை வெளியேற்றிவிடு என்பதே அதன் தருக்கம்.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஆடே இந்தத் தருக்கத்தைத் தலைகீழாக்கினார். பவளத்திட்டுகளில் மிக வேகமாக வளர்பவை குட்டையான புல்போன்ற பாசிகள் என்பதை அவர் களத்தில் கண்டிருந்தார். அவற்றைத் தொட்டிக்கு வெளியே, ஒளியூட்டிய வலைமீது வேண்டுமென்றே வளர்த்து, வளர்ந்ததைச் சுரண்டியெடுத்தால் ஊட்டமும் அதனோடு போய்விடும். வாஷிங்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1980இல் அவரது பவளத்திட்டு மாதிரி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, 1982இல் காப்புரிமை வந்தது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987இல் தொடங்கிய பெரும் பவளக் காட்சியகமும் முதலில் இந்த முறையையே நம்பியது. நீர் மஞ்சளிக்கிறது என்று பெர்லின் வழியினர் குறைகூறினர். அந்தச் சண்டை இன்னும் முற்றிலும் ஓயவில்லை. ஆனால் இன்று வீட்டுத் தொட்டிகளின் அடியறையில் கீட்டோமார்ஃபா என்ற கம்பிச்சுருள் போன்ற பாசியை வளர்த்து வாரந்தோறும் ஒரு பிடி அள்ளுகிறவர்கள் அனைவரும், அறிந்தோ அறியாமலோ, ஆடேயின் மாணவர்கள். பகைவன் வேலையாளாகிவிட்டான்.

பட்டினியை எல்லை வரை கொண்டுபோக முடியாததற்குக் காரணம் உண்டு. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934இல் கடல்நீரின் ஊட்ட விகிதங்களுக்கும் மிதவையுயிரிகளின் உடல்விகிதத்துக்கும் உள்ள ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். மிதவையுயிரிகளில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குப் பதினாறு நைட்ரஜன், நூற்றாறு கரிமம் என்ற கணக்கு அவர் பெயரால் நிலைபெற்றது. அட்கின்சனும் ஸ்மித்தும் 1983இல் கடலடித் தாவரங்களைக் கணக்கிட்டபோது ஒரு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ முப்பது நைட்ரஜன், ஐந்நூற்றைம்பது கரிமம் கிடைத்தது. அதாவது மிகச் சிறிதளவு பாஸ்பரஸைக் கொண்டு பாசி மிகப் பெரிய உடலைக் கட்டிக்கொள்ளும். அதனிடம் பட்டினிப் போட்டியில் பவளம் வெல்வது அரிது. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்கு இறக்கிய தொட்டிகளில் பவளம் வெளிறுவதும், வெறுமையான பரப்பில் டைனோஃப்ளாஜெல்லேட் சளி குடியேறுவதும் ஆர்வலர்கள் நன்கறிந்த அவலம். அளவுகோலில் சுழியத்தைக் கண்டு மகிழ்ந்தவர்கள் பிறகு நைட்ரேட்டை விலைக்கு வாங்கித் தொட்டியில் ஊற்றுகிறார்கள்.

மேய்ப்பவர் இல்லாமல் என்ன நேரும் என்பதைக் கடலே ஒருமுறை செய்துகாட்டியது. 1983 ஜனவரியில் பனாமாக் கரையில் டயடெமா என்னும் கருநிறக் கடல்முள்ளெலிகள் இறக்கத் தொடங்கின. சுமார் ஓராண்டில் கரீபியன் முழுவதும் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மாண்டன. மிகை மீன்பிடிப்பால் மேயும் மீன்கள் ஏற்கெனவே குறைந்திருந்த ஜமைக்காவில், 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே சரிந்ததை டெரன்ஸ் ஹியூஸ் 1994இல் விவரித்தார். அந்த இடத்தைப் பாசி எடுத்துக்கொண்டது. வாரிங்டனின் நத்தை இல்லாத கலத்தைக் கடலளவுக்குப் பெருக்கினால் ஜமைக்கா.

ஹைதராபாத்தில் பாசியை அதன் நீரோடு சேர்த்துப் படிக்கும் மரபு உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் வேரூன்றியது. நகரத்து மீன்குளங்களின் பாசிகளைப் பற்றி ஏ. ஆர். ஜாஃபர் 1964 முதல் எழுதிய கட்டுரைகளும், மூசி ஆற்றின் பாசிகளை மாசுபாட்டோடு இணைத்து வி. வெங்கடேஸ்வர்லு 1969இல் வெளியிட்ட ஆய்வும் பன்னாட்டு நீரியல் இதழான ‘ஹைட்ரோபயாலஜியா’வில் வந்தவை. இன்ன பாசி ஏன் வந்தது என்பதற்கு விடை பாசியில் இல்லை, நீரின் வேதியியலிலும் பருவத்திலும் இருக்கிறது என்பதே அவற்றின் அணுகுமுறை. ஹுசைன் சாகரின் பச்சையை வெறும் துர்நாற்றமாக மட்டுமே காணும் நகரம் இந்த ஆய்வுகளை மறந்திருப்பது வியப்பன்று. பவளத் தொட்டி ஆர்வலர்களும் கலிபோர்னியக் காணொளிகளிலிருந்தே இதைக் கற்கிறார்கள். தார்நாகாவுக்குப் பக்கத்திலேயே அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டதை ஒருவரும் குறிப்பிடுவதில்லை.

மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இந்த வரலாறு தமிழ்நாட்டைத் தொடுகிறது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம். ஓ. பி. ஐயங்கார், 1927இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் அத்தீவின் தாவரங்களைப் பற்றி எழுதினார். அந்தக் கரையில் பாசி என்றும் தொல்லையாக இருந்ததில்லை. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பெயர் சொல்லிப் பிரித்தறிந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்து வாழும் பெண்கள் அங்கே உண்டு. 1990களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக, பிலிப்பைன்ஸ் பகுதியைத் தாயகமாகக் கொண்ட கப்பாஃபைகஸ் அல்வரேசி மண்டபத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி பெப்சிகோ அதன் வணிக வளர்ப்பில் இறங்கியதால் ஊரார் வைத்த பெயர் பெப்சி பாசி. 2005இல் தமிழ்நாடு அரசு அதன் வளர்ப்புக்கு இட எல்லை வகுத்துக் கட்டுப்படுத்தியது. 2008இல் மதுரை ஆய்வாளர்கள் சந்திரசேகரனும் குழுவினரும், குருசடையில் அக்ரோபோரா பவளங்களின்மேல் அது போர்வையாகப் படர்ந்திருப்பதைக் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். படர்வு மிகச் சிறு பரப்பில் அடங்கியது என்று 2010இல் உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் மறுத்தார்கள். பரப்பைப் பற்றிய அந்த மறுப்பில் நியாயம் இருக்கலாம். ஆனால் 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அடியில் காணப்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியாவும் அன்று ஒரு சதுர மீட்டர்தான். காட்சித்தொட்டிகளில் வளர்ந்த அந்த வகை பிறகு மத்தியதரைக் கடலின் கரைகளில் பரவியது. 2000இல் கலிபோர்னியக் காயலொன்றில் தென்பட்டபோது தார்ப்பாய் போர்த்தி உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள், 2006இல்தான் ஒழிந்ததாக அறிவிக்க முடிந்தது. பவளத் திட்டில் அந்த வழியும் கிடையாது. கையால் பிடுங்க வேண்டும். நழுவும் ஒரு துண்டும் இன்னொரு செடியாகும். மயிர்ப்பாசியைப் பிடுங்கும்போதே குழாயால் உறிஞ்சு என்று தொட்டி ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதனால்தான்.

இந்த விவாதத்தின் இரு பக்கங்களும் இன்று ஹைதராபாத்தில் முகவரி கொண்டிருக்கின்றன. பிரகதி நகரிலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வெப்ப அளவுகளைக் கொண்டு மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியப் பவளத்திட்டுகளுக்கு வெளிறல் எச்சரிக்கை தருகிறது. வெளிறி இறந்த பவளத்தின் எலும்பில் முதலில் ஏறுவது பாசி. 2006இல் அமைந்த தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம், மீன் வடிவக் கட்டடத்திலிருந்து, கடற்பாசி வளர்ப்பைக் கரையோரப் பெண்களின் வருவாயாக ஊக்குவிக்கிறது. இரண்டும் நியாயமான பணிகளே. எந்தப் பாசி, எந்தக் கரையில் என்ற கேள்வியை இரண்டும் ஒரே மேசையில் வைக்க வேண்டியிருக்கிறது.

கற்பவளங்கள் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ கச்சிலிருந்தோ எடுத்த பவளத்தைத் தொட்டியில் வைப்பது குற்றம். பாறையும் அதனோடு ஒட்டியே வருகிறது. ஆகவே சட்டத்தை மதிப்பவர்கள் வார்ப்புப் பாறையை நுண்ணுயிரின்றித் தொடங்குகிறார்கள், அதனாலேயே அவர்களுக்குப் பாசிக்காலம் நீள்கிறது. ஓராண்டு நீடிப்பதும் உண்டு. கண்ணாடியைச் சுரண்டுவது, நத்தைகளை எண்ணுவது, நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுவது, தீனியைக் குறைப்பது: அன்றாடப் பாச்சி வேலை. அள்ளிய கீட்டோவை ஹைதராபாத்வாசி எங்கே எறிந்தாலும் மூசியின் நன்னீரில் அது பிழைக்காது. சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ இருப்பவர் அதை முதலில் வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிட வேண்டும்.